கேட்பது நம் உரிமை

டிக்கோயா லயமொன்றின் வாசலில் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த தாயொருத்தி, தன் பிள்ளைகள் நடந்து செல்லும் பாதையின் செப்பனீட்டுக்கு ஒதுக்கப்பட்ட பணம் எவ்வளவு என்று வினவுவாளாயின், அதற்கு விடையளிக்கும் கடமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், அட்டன்-டிக்கோயா நகர சபை முதல் பிரதேச செயலகம் வரையுள்ள அரச ஸ்தாபனங்கள் யாவற்றின்மீதும் சுமத்தியிருக்கிறது. காரணம் கூறவேண்டியதில்லை, எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்பின், தகவல் அலுவலரே அதனை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் வரவேண்டும். மறுக்கப்படின், முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். இவ்வுரிமை பிரஜைகளுக்கே உரியது. 1948இல் பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட மலையக ஜனங்களுக்கு அச்சொல்லின் அருமை நன்கு தெரியும். ஆதலால், சகோதரிகளே, தமிழிலேயே கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டையும் மறவாது வாங்குங்கள்.