ரத்தப் பரிசோதனையால் மீண்டு வந்த மனநோய் மருந்து

மனநோய்க்காக உட்கொள்ளப்படும் ஒரு மாத்திரை ரத்தத்தைப் பாதித்து உயிரையே பறிக்கக்கூடும் என்பதை 1975ஆம் ஆண்டு பின்லாந்தில் நிகழ்ந்த மரணங்கள் உலகுக்கு உணர்த்தின.

மனச்சிதைவு நோய்க்கான க்ளோஸபைன் மருந்தை அங்கு உட்கொண்டவர்களில் சிலருக்கு, சில மாதங்களுக்குள் ரத்த வெள்ளை அணுக்கள் அபாயகரமான அளவுக்குக் குறைந்தன. அவர்களில் 8 பேர் உயிரிழந்தனர்.

கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் எனப்படும் வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. இம்மருந்தை உட்கொள்வோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடத்தில் இந்த அணுக்கள் ஏறக்குறைய முற்றாக அற்றுப்போகின்றன. அந்நிலையில் தொண்டையில் ஏற்படும் சிறு தொற்றும் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

பின்லாந்து மரணங்களை அடுத்து பல நாடுகளில் இம்மருந்தின் பயன்பாடு நிறுத்தப்பட்டது அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. எனினும், வேறு எந்த மருந்துக்கும் குணமடையாத நோயாளிகள் சிலர் இதனால் தேறியதை மருத்துவர்கள் கண்டிருந்தனர்.

அமெரிக்காவில் இத்தகைய 268 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 1988இல் வெளியாயின. ஆறு வாரங்களில் க்ளோஸபைன் பெற்றவர்களில் 30 சதவீதத்தினரிடமும், பழைய மருந்தான குளோர்புரோமசின் பெற்றவர்களில் 4 சதவீதத்தினரிடமும் முன்னேற்றம் தென்பட்டது.

அடுத்த ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் க்ளோஸபைனுக்கு அனுமதி வழங்கியது. ஆனால் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்தால் மட்டுமே மருந்து வழங்கப்படும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அணுக்கள் குறைவது உரிய நேரத்தில் தெரியவந்து மருந்து நிறுத்தப்பட்டால், பெரும்பாலானோர் மீண்டுவிடுகின்றனர். தற்கொலை அபாயத்தைக் குறைக்கவும் இதனைப் பயன்படுத்த 2002இல் அங்கு அனுமதி கிடைத்தது.

பரிசோதனை முடிவைக் காட்டினால்தான் மருந்து என்ற கட்டாய நடைமுறையை அமெரிக்கா 2025இல் கைவிட்டது. நோயாளிகளுக்கு மருந்து கிடைப்பதில் அது தடையாக இருந்ததே காரணம். ஆயினும் பரிசோதனையைத் தொடர வேண்டும் என்ற அறிவுரை நீடிக்கிறது. முதல் சில மாதங்களிலேயே ஆபத்து அதிகம் என்பதால், அக்காலத்தில் வாரந்தோறும் பரிசோதனை அவசியமாகிறது.

க்ளோஸபைன் இதயத் தசை அழற்சி, கடும் மலச்சிக்கல் ஆகியவற்றையும் ஏற்படுத்தலாம். காய்ச்சல், தொண்டைவலி, நெஞ்சுவலி போன்றவை தோன்றினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். அதேவேளை, அச்சத்தால் தாமாகவே மருந்தை நிறுத்துவதும் ஆபத்தானது. நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும்.

மருந்தின் அபாயம் இன்றும் மாறவில்லை. அதை முன்கூட்டியே கண்டறியச் சில துளி ரத்தம் போதும் என்பதே, பின்லாந்தில் உயிரிழந்தவர்களுக்குக் கிட்டாமல் போன பாதுகாப்பு.