வறுவல் மொறுமொறுக்க பழைய எண்ணெய் எதற்கு? வீட்டிலேயே செய்தால் வயிறு தப்பும்!

ராஜபாளையம்,

சாயங்காலம் மில் விட்டு வருகிறவர்களும், ஆபீஸ் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்சுக்கு நிற்பவர்களும் கையோடு ஒரு பொட்டலம் வறுவல் வாங்குவது உண்டு. வீட்டில் பிள்ளைகள் வழி பார்த்துக்கொண்டு இருக்குமே! ஆண்டாள் கோவிலுக்கு வந்து பால்கோவா வாங்குகிறவர்களுக்கும், இனிப்புக்குப் பிறகு கொஞ்சம் காரம் வேண்டியிருக்கிறது.

பொட்டலத்தைப் பிரித்ததும் "மொறுமொறுன்னு இருக்கா?" என்றுதான் பார்க்கிறோம். "எந்த எண்ணெயில போட்டது?" என்று கேட்பது இல்லை. வயிற்றுக்கு வினை அங்கேதான் இருக்கிறது.

கருத்த எண்ணெய்

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து, கருத்து, பிசுபிசுத்துப் போகும். இப்படிச் சிதைந்த பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால், அந்த எண்ணெயில் பலகாரம் போடக்கூடாது. மத்திய அரசின் உணவு பாதுகாப்பு ஆணையம் கொண்டு வந்த இந்த விதி 2018 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோ டீசல் ஆக்கும் திட்டமும் தொடங்கியது. லாரிக்குப் போக வேண்டிய எண்ணெய் பிள்ளைகள் வயிற்றுக்குப் போகலாமா?

ரகசியம் இதுதான்!

மொறுமொறுப்புக்கும் பழைய எண்ணெய்க்கும் சம்பந்தமே இல்லை. காயில் உள்ள தண்ணீர் வெளியேற வேண்டும். அவ்வளவுதான்! மொட்டை மாடியில் சீனியவரைக்காய் வத்தல் போடும் பாட்டிமார் இதை வெயிலை வைத்துச் செய்கிறார்கள். வறுவலுக்கு அடுப்பு செய்கிறது.

உருளைக்கிழங்கை மெல்லிசாக, ஒரே கனத்தில் சீவ வேண்டும். மாவுத் தண்ணீர் போகும் வரை இரண்டு, மூன்று தடவை அலசி, துணியில் பரப்பி ஈரம் போகத் துடைக்க வேண்டும். வாழைக்காய், சேனைக்கும் ஈரம் ஆகாது. பாகற்காய் என்றால் உப்புப் பிசறி வைத்து, பிழிந்து எடுக்கலாம்.

எண்ணெயில் ஒரு துண்டு போட்டதும் நுரைத்து மேலே வந்தால் காய்ச்சல் சரி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கி, காய் எண்ணெயைக் குடிக்கும். சடசடப்பு அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். பொன் நிறத்திலேயே அரித்து எடுத்துவிட வேண்டும். நன்றாக ஆறிய பிறகு டின்னில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி படிந்து நமத்துப் போகும்.

கருக விடாதீர்கள்

மாவுச்சத்து உள்ள பண்டங்கள் அதிக சூட்டில் வேகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாவதை 2002-ம் ஆண்டு சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நிறம் கருக்கக் கருக்க அது கூடும். பிரிட்ஜில் வைத்த உருளைக்கிழங்கில் சர்க்கரை ஏறி, சீக்கிரம் கருகும். வெளியே காற்றாட, இருட்டான இடத்தில் வைப்பதே நல்லது.

இன்னொரு எச்சரிக்கை: எண்ணெய் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் தீ சீறிப் பாயும்! அடுப்பை அணைத்து, தட்டால் சட்டியை மூட வேண்டும்.

வீட்டில் செய்தாலும் வறுவல் வறுவல்தான். அளவோடு தின்பது நல்லது. செய்ய நேரம் இல்லாதவர்கள் கடையில் வாங்கும் முன்பு, எண்ணெய் சட்டியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். கருத்திருந்தால் பேசாமல் பஸ் ஏறிவிடுங்கள்!