மாம்பழம் சந்தி வரைக்கும்

பெரியப்பா படம் பார்த்தால் உடனே எதுவும் சொல்லமாட்டார். ராஜாவிலோ வின்சரிலோ இரண்டாம் காட்சி முடிந்து சைக்கிளை எடுக்கும்போதே நாங்கள் வாயைக் கிண்டுவோம். "பொறு, பொறு" என்பார். நான் முன் பாரில், தம்பி பின் கரியரில். டைனமோ டயரில் உரசி இரைய, கண்டி வீதியில் மூன்று நாலு கிலோமீற்றர் மிதித்து, அரியாலை மாம்பழம் சந்தி வரும்போதுதான் தீர்ப்பு வரும். அதுவும் ஒரு வசனம். "கதை இருக்கு, முடிக்கத் தெரியேல்லை." "சிவாஜி அழுதது கூடிப்போச்சு." அதற்கு மேல் கேட்டால் ஏச்சுத்தான்.

எனக்குப் பதின்மூன்று, பதினாலு வயது. யாழ்ப்பாணப் பட்டணத்தில் ராணி, மனோகரா, லிடோ, ஸ்ரீதர், வெலிங்டன், சாந்தி என்று கொட்டகைகள் நிறைந்திருந்த காலம். ஆங்கிலப் படமென்றால் ரீகல். 1970களில் படம் இறக்குமதி அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போனபிறகு, சென்னையில் ஓடிப் பழசான படம்தான் இங்கே புதுப்படமாக இறங்கும். இந்தியச் சஞ்சிகைகளுக்கும் கட்டுப்பாடு. அதனால் படம் நல்லதோ கூடாதோ என்று முன்கூட்டிச் சொல்ல எவரும் இல்லை. சுவரொட்டியைப் பார்ப்பது, கலரிக்குக் காசு சேர்ப்பது, கச்சான் சுருளோடு உள்ளே போய் இருப்பது. அவ்வளவுதான்.

அந்த வயதுத் தீர்ப்புகளில் எனக்கு இன்னும் வெட்கமாக இருப்பது ஒன்று: 'உதிரிப்பூக்கள்' பார்த்துவிட்டுச் சண்டை இல்லை என்று முகத்தை நீட்டிக்கொண்டு வந்தேன். அன்று மாம்பழம் சந்தி தாண்டியும் பெரியப்பா பேசவில்லை. படலை திறக்கும்போது, "நீ வளர்ந்தாப்பிறகு இன்னொருக்காப் பார்" என்றார். பார்த்தேன். மகேந்திரனிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டேன்.

ஆனால் பெரியப்பாவும் தவறியிருக்கிறார். 1977இல் 'பொன்மணி' வந்தது. தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்திலேயே எடுத்த தமிழ்ப் படம். திரைக்கதை காவலூர் ராஜதுரை. சீதனம், சாதி, கலியாணம் ஆகாமல் வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் என்று எங்கள் வேலிக்குள் நடப்பதையே காட்டியது. அதற்கு ஐந்து வருடம் முன்னர் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' வந்திருந்தது. அதிலும் எங்கள் பேச்சு, எங்கள் மண். 'பொன்மணி'க்குப் பெரியப்பா சொன்ன தீர்ப்பு: "எங்கட வீட்டுக் கதையைக் காசு குடுத்து ஏன் பாக்க வேணும்?"

அவர் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் நினைத்தது. படம் ஓடவில்லை. திரை என்றால் சென்னை, திரைத்தமிழ் என்றால் சென்னைத்தமிழ். வீட்டில் "ஓம்" சொல்லும் வாய், படக்கதை சொல்லும்போது "ஆமாம்" என்று மாறிவிடும். அது எவருக்கும் பிழையாகப் படவில்லை.

1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. படம் வீட்டு முற்றத்துக்கு வந்தது. டெக், ரிவி, ஜெனரேற்றர் மூன்றும் ஒரே நாளில் கிடைப்பதே பெரிய காரியம். பெற்றோல் தங்கவிலை. ஒரு மூடி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்த மண்ணெண்ணெயும் ஜாம் போத்தல் விளக்குக்கு வைத்திருந்ததில் களவாக எடுத்ததாக இருக்கும். அப்படி ஒரு இரவு 'தளபதி' போட்டோம். பாயில் இருபது முப்பது பேர். கடைசிக் கட்டம் நெருங்க ஜெனரேற்றர் இரண்டு தரம் செருமியது. படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணைந்தது. மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது.

முடிவை நாங்களே போட்டுக்கொண்டோம். ரஜினிதான் கர்ணன், ஆகவே ரஜினி சாகவேண்டும் என்று ஆச்சி அடித்துச் சொன்னார். பாரதம் தெரிந்தவர் சொன்னால் எதிர்க்கதை ஏது? 1995 ஒக்ரோபர் 30 இரவு இதே கண்டி வீதியால் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்துபோனது. நாங்களும் போய்த் திரும்பி, 2000இல் சண்டை அரியாலை கிழக்குக்கே வந்து, அதுவும் ஓய்ந்து, 2002இல் பாதை திறந்தபிறகுதான் முழுப்படமும் பார்த்தேன். செத்தது மம்மூட்டி. ஆச்சி அப்போது இல்லை. இருந்திருந்தால் மணிரத்னம்தான் பாரதத்தைப் பிழையாக எடுத்தார் என்றிருப்பார்.

இப்போது நிலைமை தலைகீழ். ஸ்ரீதர் கொட்டகை வருடக்கணக்காக ஒரு கட்சியின் அலுவலகமாகக் கிடந்தது. பட்டணத்தில் கார்கில்ஸ் கட்டடத்துக்குள் குளிரூட்டிய அரங்குகள். படம் வரும் நாளிலேயே இங்கேயும் வருகிறது. ஆனால் தீர்ப்பு அதற்கும் முதல் வந்துவிடுகிறது. ஸ்காபரோவில் இருக்கும் தம்பி நடுச்சாமத்தில் குரல் பதிவு போடுவான்: "அண்ணை, இடைவேளைக்குப் பிறகு படம் படுத்திட்டுது, போகாதை." மருமகன் போனில் மூன்று பேரின் விமர்சனம் பார்த்துவிட்டுத்தான் ரிக்கற் எடுப்பான். படம் பார்க்கும்போது எங்கே அலுக்கவேண்டும் என்பதுகூட அவனுக்கு முன்பே தெரியும்.

பெரிய மாற்றம் அதுவுமல்ல. எங்கள் காதுதான் மாறிவிட்டது. 'தெனாலி'யைச் சீடியில் பார்த்தபோது வீடே சிரித்தது, கமல் எங்கள் தமிழ் பேசுகிறார் என்ற புளுகத்தில். எழுபது தாண்டிய பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "பயந்தவன் பகிடியோ?" என்று எழும்பிப் போனார். அவருடைய கடைசிச் சினிமாத் தீர்ப்பு அது. என் மதிப்பீட்டில் அதுதான் அவரது சிறந்ததும். 'கன்னத்தில் முத்தமிட்டால்' அழகான படம். அதில் வரும் மாங்குளத்தில் நான் மாங்குளத்தைத் தேடித் தோற்றேன். அப்படித் தேடுவது ரசிகனுக்கு அழகில்லைதான். ஆனாலும் தேடுகிறேன்.

2024இல் வந்த 'மெய்யழகன்' எங்கள் ஊர்ப் படமல்ல, தஞ்சாவூர்ப் பக்கம். இருந்தும் வீட்டை விட்டுப் போனவனின் கூச்சத்தை அவ்வளவு சரியாகச் சொன்ன படம் அண்மையில் வரவில்லை. நீளம் என்று வெட்டினார்கள். வெட்டியதுதான் எனக்குக் கோபம்.

2025 மே மாதம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்குக் குடும்பமாகப் போனோம். பொருளாதார நெருக்கடியில் படகேறி இராமேஸ்வரம் போய், சென்னையில் தங்கள் பேச்சை மறைத்து வாழும் ஒரு குடும்பம். அபிஷன் ஜீவிந்துக்கு நல்ல மனசு, நல்ல கை. எம். எஸ். பாஸ்கர் வரும் இடங்களில் அழுதேன், மறைக்கவில்லை. குறையும் சொல்லவேண்டும். சசிகுமார் அமைதியாகக் கதைக்கும்வரை ஈழத்தவர், குரல் உடையும்போது அவருடைய சொந்த ஊர் எட்டிப்பார்க்கிறது. 2022இல் நாங்கள் பெற்றோலுக்கும் காஸுக்கும் கிடந்த வரிசைகளின் களைப்பு அந்த முகங்களில் இல்லை. அந்த வருடம் உண்மையில் படகில் போனவர்கள் மண்டபம் முகாமில் இருத்தப்பட்டார்கள். படத்துத் தெருவில் உள்ளவர்களோ எல்லாரும் தங்கம். இப்படி ஒரு தெருவுக்கு நானும் குடிபோகத் தயார், விலாசம் தந்தால்.

எங்கள் பேச்சு பிசகாமல் கேட்கவேண்டுமென்றால் மதி சுதா கைப்பேசியில் எடுத்த 'வெந்து தணிந்தது காடு' இருக்கிறது. பதுங்குகுழிக்குள் நடக்கும் கதை. அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் கௌதம் மேனனின் படம்தான் நினைவுக்கு வருகிறது. சில இடங்களில் நாடகமேடை வாடை அடிக்கிறது, உண்மை. ஆனால் ஒரு சொல்லும் இரவல் இல்லை. இங்கே எத்தனை பேர் ரிக்கற் எடுத்துப் பார்த்தோம் என்று கேட்டால், பெரியப்பாவின் 'பொன்மணி'த் தீர்ப்புத்தான் ஞாபகம் வருகிறது.

'டூரிஸ்ட் ஃபேமிலி' முடிந்து ஓட்டோவில் திரும்பினோம். மருமகன் அதற்குள் போனில் நட்சத்திரங்கள் போட்டு முடித்துவிட்டான். நான் உச்சரிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். மனைவி எதுவும் கதைக்கவில்லை. மாம்பழம் சந்தியில் ஓட்டோ வேகம் குறைந்தது.

"சிம்ரன்ர சமையலறையில ஒரு தேங்காய்த் துருவலையும் காணேல்லை, கவனிச்சனீங்களோ?" என்றாள்.

நான் கவனிக்கவில்லை. திரும்பப் போய்ப் பார்க்கவேண்டும்.