ஆல்டர்னேட்டரைக் கழற்றினால் பிரேக்கையும் பாருங்கள்

மூணாறிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள மறையூர், சந்தனத்துக்கும் வெல்லத்துக்கும் பேர்போனது. சுற்றியுள்ள மலைக்குடிகளுக்கு ஜீப்தான் கதி. ஓடும்போது பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தால், டிரைவரின் சந்தேகம் முதலில் ஆல்டர்னேட்டர் மீதுதான்.

கழற்றுவது பெரிய வித்தை அல்ல. முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைப் பிரிப்பது. சாவியை எடுத்த பிறகும் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரில் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதிலும் பாடியிலும் சேர்ந்து பட்டால் தீப்பொறி பறக்கும். பிறகு அட்ஜஸ்டிங் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை எடுத்து, ஒயர்களை அடையாளம் வைத்துப் பிரித்து, போல்ட்டுகளை உருவ வேண்டும்.

சிக்கல் டீசல் ஜீப்புகளில். பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்புறமே வாக்குவம் பம்ப் இருக்கிறது. பிரேக் பூஸ்டருக்கு பலம் தருவது அதுதான். திரும்ப மாட்டும்போது அதன் காற்றுக் குழாய் தளர்ந்திருந்தால், சார்ஜ் ஏறும், விளக்கும் அணையும். ஆனால் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். ஆயில் குழாய் கசிந்தால் எஞ்சினுக்கே ஆபத்து.

சோதிக்க எளிய வழி உண்டு. எஞ்சினை அணைத்து, பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால், வண்டி மலைவளைவுக்குப் போகக்கூடாது.