கதிரவனின் ஓசை சுடுமா?

அடுப்பை விட்டு விலக விலக வெம்மை குறைதல் இயற்கை. இவ்வியற்கையைக் கதிரவன் மட்டும் பொய்ப்பிக்கின்றான். நம் கண்ணுக்குத் தோன்றும் அவனது ஒளிமண்டலத்தின் வெப்பம் ஏறத்தாழ 5,500 டிகிரி சென்டிகிரேடு. சுமார் 500 கிலோமீட்டர் மேலே சென்றால் அது 4,000 டிகிரி அளவுக்குத் தாழ்கிறது. இதுவரை முறைதான். அப்பால் நிறமண்டலத்தில் வெப்பம் மீண்டும் ஏறத் தொடங்கி, பூரண கிரகணத்தின்போது வெண்முடிபோல் விளங்கும் புறமண்டலத்தில் பத்து லட்சம் டிகிரியையும் கடந்துவிடுகிறது!

1869-ஆம் ஆண்டுக் கிரகணத்தில் அம்முடியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தோர் பச்சைக் கோடொன்றைக் கண்டனர். 'கொரோனியம்' என்னும் புதுத் தனிமத்தின் ஒளி அஃது என்று அறிஞர் நெடுநாள் மயங்கினர். அது பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பே எனச் சுவீடன் நாட்டு எட்லேன் 1940-களின் தொடக்கத்தில் நிறுவினார். இரும்பு இங்ஙனம் உரிபட வேண்டுமாயின் வெம்மை எத்துணை இருத்தல் வேண்டும்!

அவ்வெம்மையைத் தருவது ஓசையே என 1946-48 ஆண்டுகளில் பியர்மன், ஷ்வார்ட்ஸ்சில்டு முதலியோர் கூறினர். கதிரவனின் மேற்பரப்பு கொதிக்கும் உலை போன்றது. ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள கொப்புளங்கள் பொங்கியெழுந்து சில நிமிடங்களில் அடங்குகின்றன. உலை கொதித்தால் ஓசை எழாதா? அவ்வொலியலைகள் மேலேறும்போது வாயு மெலிந்துகொண்டே செல்கிறது. அசைக்க வேண்டிய பொருள் குறையவே, அலையின் வீச்சு பெருகுகிறது. முகடு பள்ளத்தைக் காட்டிலும் விரைந்தோடுவதால், கரையை நெருங்கும் கடலலை போல அது செங்குத்தாக நிமிர்ந்து, அதிர்ச்சியலையாகித் தன் ஆற்றலை வெப்பமாகச் சொரிகிறது.

அழகிய கருத்துத்தான்; முப்பதாண்டுக் காலம் பலர் அதனை ஏற்றிருந்தனர். ஆயினும் அழகு வேறு, அளவு வேறு. 1960-களின் தொடக்கத்தில் லெய்ட்டன் குழுவினர் கண்ட ஐந்து நிமிட அசைவு, பெரும்பாலும் கதிரவனுக்குள்ளேயே சிறைப்பட்ட ஒலி எனப் பின்னர்த் தெரிந்தது. 1975-இல் ஏவப்பெற்ற ஓ.எஸ்.ஓ.-8 செயற்கைக்கோளின் அளவீடுகளோ, மேலேறும் ஒலியாற்றல் புறமண்டலத்தின் தேவையில் மிகச் சிறு பங்கே எனக் காட்டின. நிறமண்டலத்தின் அடிப்பகுதிக்கு ஒலி எவ்வளவு உதவுகிறது என்பதில் அறிஞரிடை இன்னும் வழக்குண்டு. புறமண்டலத்தின் வெப்பத்திற்குக் காந்தப் புலத்தையே இப்போது பெரும்பாலோர் காரணமாகக் கொள்கின்றனர்; ஆல்வேன் கூறிய காந்த அலைகளா, பார்க்கர் 1988-இல் கூறிய நுண்வெடிப்புகளா என்பதே இன்றைய வினா.

2024 ஜனவரி 6 அன்று தன் நிலையை அடைந்த நம் ஆதித்யா-எல்1 கலத்தில், பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம் சமைத்த கருவியொன்று உள்ளது. அது நோக்குமாறு அமைந்த நிறங்களுள் ஒன்று, 1869-இல் கண்ட அதே பச்சைக் கோடு.