பட்டைக்குக் கீழே கேட்கும் தட்டல்

‘ஆஸ்பத்திரியில் பார்த்தால் 152, வீட்டில் மகன் வாங்கித் தந்த மெஷினில் 134. எதை நம்புவது?’ என்று கும்பகோணத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தைச் சொல்லும் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

1896இல் இத்தாலியின் டூரின் நகரில் ரிவா-ரோச்சி என்ற மருத்துவர் மேல்கையில் பட்டை கட்டிக் காற்றடைத்தார். மணிக்கட்டில் நாடி எப்போது அற்றுப்போகிறது என்று விரலால் பார்த்தார். அப்போது பட்டையோடு இணைத்த குழாயில் பாதரசம் நின்ற உயரம்தான் மேல் அளவு. கீழ் அளவு விரலுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அதைப் பிடித்தவர் ரஷ்யாவின் கோரோட்கோவ். போரில் அடிபட்டவர்களின் ரத்தக்குழாய்களைக் கேட்டுப் பழகிய இளம் அறுவை மருத்துவர் அவர். 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் கொடுத்த அறிக்கை ஒரு பக்கம்கூட வராது. முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான்.

டாக்டர் அங்கே கேட்பது இதயத்தின் ‘லப் டப்’ என்று பலர் நினைக்கிறோம். பட்டை கட்டாத கையில் அதே இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பாருங்கள், ஒன்றும் கேட்காது. ரத்தம் ஓசையில்லாமல்தான் ஓடுகிறது. பட்டையை முழுக்க இறுக்கினாலும் ஓசை இல்லை, ஓட்டமே நின்றுவிடுகிறது. காற்றை மெல்ல விடவிட, துடிப்பின் உச்சத்தில் மட்டும் குழாய் ஒரு கணம் திறந்து மூடுகிறது. முதல் ‘டப்’ அப்போதுதான் விழும். அதுவே மேல் அளவு. எங்கள் ஊர் வாய்க்காலில் மடை முழுதும் திறந்திருந்தால் தண்ணீர் போவதே தெரியாது, பாதி அடைத்தால் இரைச்சல் கிளம்பும். இங்கும் அப்படித்தான். தட்டல் உரசலாகி, மறுபடி தெளிந்து, பிறகு மங்கி அடங்கும். அடங்கிய இடம் கீழ் அளவு. சிலருக்கு நடுவில் ஓசை காணாமல்போய்த் திரும்ப வரும். போதிய அளவு காற்றேற்றாமல் பார்த்தால், 180 இருப்பவருக்கு 150 என்று எழுதிவிட நேரும். நாடியைப் பிடித்துக்கொண்டே காற்றேற்ற வேண்டும் என்று மருத்துவக் கல்லூரிகளில் கற்பிப்பது இதனால்தான்.

வீட்டு மெஷினுக்குக் காது கிடையாது. பட்டைக்குள் காற்று அதிர்வதை அது உணர்கிறது. அதிர்வு மிகப் பெரிதாகும் இடத்தைச் சராசரி அழுத்தமாகக் கொண்டு, மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு தவறலாம். மற்றவர்களுக்கு, முறையாகச் சோதிக்கப்பட்ட மெஷின் போதும்.

மெஷினை நாம் நடத்தும் விதம்தான் எனக்கு வருத்தம். மாடியேறி மூச்சு வாங்க வந்தவரை உட்காரவைத்த உடனே, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, ‘ராத்திரி தூங்குனீங்களா, மாத்திரை போட்டீங்களா’ என்று கேட்டுக்கொண்டே பார்ப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். பேசினாலே அளவு ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் ஏறும். கை இதய மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினால் 7, 8 புள்ளி கூடிவிடும். ஒருவர் ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டுமா என்பதை முடிவுசெய்யும் எண்ணுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

வாசகிக்கு வருகிறேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலே சிலருக்கு அழுத்தம் கூடும். அதனால் ஆஸ்பத்திரியில் 140/90 என்பது எல்லை என்றால், வீட்டில் 135/85 என்று வைத்திருக்கிறார்கள். அங்கே சரியாகவும் வீட்டில் அதிகமாகவும் காட்டுபவர்களும் உண்டு. வெளியே தெரியாமலே இருந்துவிடுவதால் அவர்கள்மேல்தான் எனக்குக் கவலை அதிகம். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் ஒருமுறை, இரவில் ஒருமுறை பாருங்கள். பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்கட்டும். வெறும் கையில் பட்டையைக் கட்டி, கையை மேஜைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். நல்லதாக வந்த எண்ணை மட்டும் எழுதும் பழக்கம் வேண்டாம். ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள்.

‘நார்மல் ஆயிடுச்சு’ என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் நோட்டைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நோட்டோடு மெஷினையும் எடுத்துப் போய், அவர் பார்க்கும் அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.