கம்பி மாறிய காலம் – 11: எங்கள் தெருவின் சேனல்

அப்பா இறந்தது 1999-ல், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. ஏழு மணிக்குக் கேபிள்காரர் வந்து அப்பாவின் போட்டோ ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். எட்டு மணிக்கு லோக்கல் சேனலில் அப்பாவின் முகம். கீழே பெயர், தெரு, எடுக்கிற நேரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்டு முடித்து வீட்டுக்கு வந்த அவருடைய கூட்டாளிகள், காபி குடிக்க உட்கார்ந்தவர்கள், டிவியில் பார்த்துவிட்டு அப்படியே எழுந்து வந்தார்கள். நாங்கள் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. வாசல் நிறைய ஆட்கள் நின்றார்கள்.

அந்தச் சேனல் அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த சின்ன அறையிலிருந்து வந்தது. மொட்டை மாடியில் டிஷ்கள். உள்ளே அடுக்கடுக்காகக் கருவிகள், ஓர் ஓரத்தில் வீடியோ டெக். எல்லாரும் அதைக் கண்ட்ரோல் ரூம் என்பார்கள். சாயங்காலம் ஒரு படம், நடுவில் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து நகைக் கடைக்கும் டியூஷன் சென்டருக்கும் விளம்பரம். ஆடி மாதம் வந்தால் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் கூட்டத்தை ஒருவர் கேமராவில் பிடித்து வருவார். தன் வீட்டுப் பிள்ளை அதில் தெரிகிறதா என்று பார்க்கவே பெண்கள் உட்காருவார்கள். அந்தச் சேனல் எப்படிப் போனது என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

1993 ஏப்ரல் 14-ம் தேதி சன் டிவி தொடங்கிய காலத்தில் கேபிள்காரர் தனக்குத் தானே முதலாளி. டிஷ் வைத்து, வந்த சிக்னலைக் கம்பியில் விட்டார். பிறகு கட்டணச் சேனல்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனி டிகோடர், தனி ஒப்பந்தம். முந்நூறு நானூறு வீடு வைத்திருப்பவரால் அது முடியாது. அதனால் பெரிய கண்ட்ரோல் ரூம் வைத்திருந்த நிறுவனத்திடமிருந்து லைன் வாங்கினார். சென்னையில் அப்படி லைன் கொடுத்தவற்றில் பெரியவை சுமங்கலி கேபிள் விஷனும் ஹாத்வேயும். தெருவில் கம்பி இவருடையது, அதில் ஓடும் படம் அவர்களுடையது. இவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் நானூறு வீடும் சாய்ந்தது.

அமெரிக்காவில் இதே காரியம் நிலையங்களின் மட்டத்தில் நடந்தது. அங்கே ஊருக்கு ஊர் தனித்தனி டிவி நிலையம். ஒவ்வொன்றும் ஒரு பெரிய நெட்வொர்க்கோடு ஒப்பந்தம் போட்டு அதன் நிகழ்ச்சியை ஒளிபரப்பும். 1994 மே மாதம் நியூ வேர்ல்டு நிறுவனம் தன் நிலையங்களை ஃபாக்ஸ் நெட்வொர்க் பக்கம் கொண்டுபோவதாக அறிவித்தது. அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பு உரிமையை சிபிஎஸ் நெட்வொர்க்கிடமிருந்து ஃபாக்ஸ் பறித்திருந்த நேரம் அது. இந்த மாற்றத்தால் டெட்ராய்ட்டில் நிலையத்தை இழந்த சிபிஎஸ், கறுப்பின மக்கள் தொடங்கி நடத்திவந்த 62-ம் எண் நிலையத்தை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. பெரிய நெட்வொர்க்குக்கு இடம் கிடைத்தது. ஒரு சமூகம் தனக்கென்று வைத்திருந்த நிலையம் அதன் கையை விட்டுப் போனது. இதைப் படித்தபோது எனக்கு வெங்கடாபுரத்துத் தையல் கடை மாடிதான் நினைவுக்கு வந்தது.

நம் ஊரில் இந்தச் சாய்வோடு அரசியலும் சேர்ந்துகொண்டது. 2007-ல் ஆளும் குடும்பத்துக்குள், சன் டிவியும் சுமங்கலியும் வைத்திருந்த கிளையோடு பிளவு வந்ததும் செப்டம்பரில் கலைஞர் டிவியும் அக்டோபரில் அரசு கேபிள் டிவி நிறுவனமும் பிறந்தன. அடுத்த ஆண்டு இறுதியில் குடும்பம் சேர்ந்தது, அரசு கேபிள் படுத்துவிட்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் மாதம் 70 ரூபாய் என்று அது மறுபடி எழுந்தது. அதில் நிறுவனத்துக்கு 20 ரூபாய், மீதி ஆபரேட்டருக்கு. அந்தக் கணக்கைப் பார்த்து ஓர் ஆபரேட்டர் லைன் மாற்றினால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கம்பத்தில் ஏறுகிறவர் அவர். ஆனால் மாற்றும் முன் ஒரு வீட்டில்கூடக் கேட்கவில்லை.

"அக்கா, கம்பெனி மாத்திட்டோம். ரெண்டு நாள்ல எல்லாம் வந்துடும்."

என் அம்மாவுக்குக் கிடைத்த தகவல் இவ்வளவுதான். கம்பி மட்டும் இருந்த நாளில் மாற்றம் என்றால் ரிமோட்டில் எண் மாறும். மூன்றில் வந்தது பதினெட்டுக்குப் போகும், அம்மா ஒரு வாரம் தடுமாறுவார். செட்-டாப் பெட்டி வந்த பிறகு கதை வேறு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் அன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம். ஆனால் டிஜிட்டல் கேபிள் கட்டாயம் என்ற உத்தரவின் முதல் கட்டத்தில் சென்னைப் பெருநகரப் பகுதி என்று எழுதியிருந்ததால் நாங்களும் அதற்குள் வந்தோம். 2012 அக்டோபர் 31 என்ற கெடு, வழக்குகளால் சென்னையில் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமமே 2017-ல்தான் கிடைத்தது. ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் சிக்னலைப் படிக்காது. எங்கள் வீட்டு அலமாரியில் அப்படி மூன்று பெட்டிகள் கிடக்கின்றன. மூன்றுக்கும் பணம் கொடுத்தது அம்மா. 2022 நவம்பரில் மென்பொருள் சிக்கலால் லட்சக்கணக்கான அரசு கேபிள் பெட்டிகள் ஒரேயடியாக இருண்டபோது, எங்கள் பக்கத்திலும் நாலாவது பெட்டி வாங்கியவர்கள் உண்டு.

பெட்டிச் செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லோக்கல் சேனல் போனதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. பழைய கம்பியில் ஒரு மாடுலேட்டரைச் செருகினால் போதும், தெருவின் சேனல் ஓடும். டிஜிட்டலில் எல்லாச் சேனலும் பெரிய கண்ட்ரோல் ரூமிலேயே பூட்டுப் போடப்பட்டு வருகிறது. நடுவழியில் வெங்கடாபுரத்துக்காரர் எதையும் சேர்க்க முடியாது. சேர்க்க வேண்டுமென்றால் அங்கே இடம் கேட்க வேண்டும், அதற்கு வாடகை. கண்ணீர் அஞ்சலிக்கு நூறு ரூபாய் வாங்கியவரால் அதைக் கட்ட முடியுமா?

1995-ம் வருடக் கேபிள் சட்டம் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் காட்டச் சொல்கிறது. அதே போல ஒவ்வொரு நகராட்சிப் பகுதிக்கும் ஒரு சேனலை வாடகையில்லாமல் ஒதுக்கு என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நடக்காத காரியமில்லை. அமெரிக்காவில் 1984-ம் வருடச் சட்டம், கேபிள் நிறுவனத்திடம் பொதுமக்களுக்கும் கல்விக்கும் உள்ளாட்சிக்கும் சேனல் கேட்டு வாங்கும் உரிமையை ஊருக்குக் கொடுத்திருக்கிறது. ஏரி நிரம்பி ஆவடியிலும் அம்பத்தூரிலும் தெருவுக்குள் தண்ணீர் வந்த 2015 டிசம்பரில், எந்தத் தெருவில் இடுப்பளவு, எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு என்று சொல்ல எங்களுக்கு ஒரு திரை வேண்டியிருந்தது. பெரிய சேனல்கள் காட்டியது மொத்தச் சென்னையை.

போன மாதம் அந்தப் பழைய கேபிள்காரரைப் பார்க்கப் போனேன். இப்போது இன்டர்நெட் லைன் கொடுக்கிறார். ஆடித் திருவிழா கேசட்டுகளைக் கேட்டேன். அந்த 2015 தண்ணீரில் எல்லாம் ஊறிவிட்டதாம். மகனைக் கூப்பிட்டு, பரண்மேல் இருந்த ஒரு அட்டைப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே டிவியில் போட வாங்கிய போட்டோக்கள், திருப்பிக் கேட்டு யாரும் வராதவை, ஒரு கட்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் பெயர், தெரு, எடுக்கிற நேரம். ஆறாவதாக இருந்தது அப்பா.

(தொடரும்)